கப்பலுக்காகப் பிறந்த பயணம்

முற்காலத்தில் வணிகனும் யாத்திரிகனும் பிழைப்புத் தேடுவோனும் மறுகரையை நாடியே கப்பலேறினர். கரையின் பொருட்டன்றி, கப்பலின் பொருட்டே கடலிற் செல்லும் வழக்கம் எவ்வாறு தோன்றியது?

ஜேர்மனியில் ஹம்பேர்க்–அமெரிக்கக் கப்பற் கம்பனியின் அல்பேட் பாலின் என்பவர், மாரிக்காலத்தில் அத்திலாந்திக் பிரயாணிகள் அருகிவிட, பெருங்கப்பல்கள் வருவாயின்றி நிற்பதைக் கண்டார். 1891 ஜனவரி 22ஆம் திகதி 'ஓகஸ்தா விக்டோரியா' என்னும் கப்பல், 241 பேருடன் மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. பாலினும் உடன் சென்றார்.

ஆகவே, இவ்வுல்லாசப் பயணத்தைப் பிறப்பித்தது பயணியின் ஆவலன்று, கப்பலின் வெறுமையே. 1900இல் அக்கம்பனி உல்லாசத்திற்கென்றே 'பிரின்செசின் விக்டோரியா லூயிஸ்' என்னும் கப்பலை வெள்ளோட்டம் விட்டது. அதில் முதல் வகுப்பு மட்டுமே உண்டு. அதே கம்பனியின் ஏனைய கப்பல்களிலோ, கீழ்த்தட்டுகளில் ஏழைக் குடியேறிகள் நெருக்குண்டு அமெரிக்கா சென்றனர். 1906 டிசெம்பரில் அவ்வெழிற்கப்பல் யமேக்காக் கரையில் தரைதட்டி அழிந்தது. வழக்கம் அழியவில்லை.

2024இல் ஓடத் தொடங்கிய 'ஐக்கொன் ஒவ் த சீஸ்' 7,600 பயணிகள் வரை கொள்ளும். அதில் ஏழு நீச்சற்குளங்கள் உள. கடல் நடுவே குளத்தில் நீராடும் மனிதன், துறைமுகத்திற் சில மணி நேரமே இறங்குகிறான்.

நேயர்களே, தேவைக்குப் பொருள் செய்த காலம் போய், பொருளுக்குத் தேவை செய்யும் காலம் வந்தது. அதற்கு இக்கப்பலினும் தெளிவான சான்று வேண்டுமோ?