எங்க ஊர் கடைத்தெருவும் ஆயாவின் கடன் நோட்டும்



உத்திரமேரூர் என்றாலே எல்லோரும் குடவோலையைத்தான் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். இதை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நான் இங்கே எழுத வந்தது நம்ம கடைத்தெருவைப் பற்றி.

நம்ம ஊர்க் கல்வெட்டில் வியாபாரிகளும் வருகிறார்கள். ஜனங்கள் கொண்டு வரும் பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்க ஒரு குழு போட்டார்கள். அதில் மாடவீதிக்காரர்கள் 4 பேர், படையைச் சேர்ந்தவர்கள் 2 பேர், சங்கரப்பாடியார் 3 பேர். சங்கரப்பாடியார் என்றால் எண்ணெய் வியாபாரம் செய்தவர்கள். அப்படியென்றால் 1,100 வருஷத்துக்கு முன்னாடியே இங்கே எண்ணெய் விற்றவர்களை நம்பி ஊர் பொறுப்புக் கொடுத்திருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வரவே முடியாது. அவருடைய நெருங்கின உறவுக்காரர்களும் வர முடியாது. கணக்கு அவ்வளவு பெரிய விஷயம். ஆனால் அந்த வாரியங்களில் பெண்களுக்கு இடம் இல்லை.

எங்க அப்பா வீட்டுக் கடை கடைத்தெருவில் ஒரு சின்ன மளிகைக் கடை. தாத்தா ஆரம்பித்தது. பக்கத்தில் துணிக்கடை, பாத்திரக்கடை, நாட்டு மருந்துக்கடை, அடகுக்கடை. எல்லாம் குடும்பமாக நடத்தினதுதான். முன்னாடி கடை, பின்னாடி வீடு. மளிகைக்காரர்கள் பலர் தெக்கத்தி ஊர்களில் இருந்து வந்தவர்கள். அடகுக்கடைக்காரர்கள் ராஜஸ்தானில் இருந்து வந்து நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்கள் நெல்லும் வேர்க்கடலையும் விற்ற காசில்தான் இந்தத் தெருவே நடந்தது. அறுவடை வரைக்கும் கடன், அறுவடை முடிந்தால் பாக்கி தீரும்.

எங்க ஆயா 1956-ல் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தாங்க. மறு வருஷமே, 1957 ஏப்ரல் 1-ந் தேதி, அணா போய் நயா பைசா வந்தது. முன்னே ரூபாய்க்கு 16 அணா, இப்போ 100 பைசா. நாலணாவுக்கு 25 பைசா என்பது சரியாகப் போய்விடும். ஓரணாவுக்குத்தான் தகராறு. கணக்குப்படி ஆறேகால் பைசா, ஆனால் கால் பைசா என்று காசே கிடையாது. அதனால் ஓரணாவுக்கு 6, மூன்று அணாவுக்கு 19 என்று கொள்ளணும். "மூணு தடவை ஓரணாவுக்கு வாங்கினா 18, ஒரே தடவை மூணணாவுக்கு வாங்கினா 19, இது என்ன நியாயம்னு பொம்பளைங்க கேப்பாங்க. பதில் சொல்லி மாளாது" என்று ஆயா சிரிப்பாங்க.

அது அடங்குவதற்குள் கிலோவும் லிட்டரும் வந்துவிட்டது. அதுவரை அரிசி படியில், புளி, வெல்லம் வீசையில். எட்டு ஆழாக்கு ஒரு படி, நாற்பது பலம் ஒரு வீசை. ஒரு வீசை சுமார் 1 கிலோ 400 கிராம். கிராமத்துக்காரர்கள் வீசை விலையில் கேட்பார்கள், கிலோவில் நிறுத்துக் கொடுக்கணும். தாத்தா கொள்முதலுக்குக் காஞ்சிபுரம் போயிருக்கும்போது மனக்கணக்காகப் போட்டுக் கொடுத்தது ஆயாதான். மூன்றாவது வரை படித்தவங்க.

தாத்தா சீக்கிரம் போய்விட்டார். அதற்கப்புறம் கல்லாவில் உட்கார்ந்தது ஆயா. ஆனால் போர்டில் தாத்தா பேரும் "அன் சன்ஸ்" என்பதும்தான். ஆயாவிடம் ஒரு கடன் நோட்டு இருந்தது. ஆள் பேர் மட்டும் எழுத மாட்டாங்க. "வேப்பமரத்து வீட்டம்மா", "பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு" என்று எழுதி வைப்பாங்க. யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அந்த நோட்டைப் பார்த்தாலே தெரியும்.

எங்க அம்மா கடைக்கு வந்த காலத்தில் பாக்கெட் சாமான் வந்தது. கடலூர் பக்கத்தில் ஆரம்பித்த சின்ன ஷாம்பு பாக்கெட், 80-களுக்கு அப்புறம் எல்லாக் கடையிலும் சரம் சரமாகத் தொங்கியது. பாட்டில் வாங்க முடியாத வீட்டுப் பெண்களும் ஷாம்பு போட்டது அப்போதுதான். எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிற வேலை குறைந்தது. கூடவே, நிறுக்கும்போது பேசுகிற நாலு வார்த்தையும் குறைந்தது.

2016 நவம்பர் 8-ந் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஒவ்வொரு தடவையும் கையில் காசில்லாதவர்களுக்குச் சாமான் கொடுத்தது கடன் நோட்டு வைத்திருந்த கடைகள்தான். பெரிய கடையில் எல்லாம் இருக்கும், "அடுத்த வாரம் தரேன்" என்று மட்டும் சொல்ல முடியாது.

ஊரடங்கு முடிந்த வருஷம் அப்பா தவறிவிட்டார். சரக்கு போட அம்மா ஒரு இடத்தில் கடன் கேட்டுப் போனாங்க. நானும் கூடப் போனேன். "கடை யார் பேர்ல இருக்கு? நீங்க நடத்தினதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். லைசென்ஸ் அப்பா பேரில். வாடகை ரசீது தாத்தா பேரில். பேங்க் கணக்கும் அப்பா பேரில். முப்பது வருஷத்துக்கு மேல் கடையில் நின்ற அம்மா பேர் ஒரு காகிதத்திலும் இல்லை. அம்மா பையில் இருந்து கடன் நோட்டை எடுத்து வைத்தாங்க. எதிரில் இருந்தவர் அதைத் திறக்கக்கூட இல்லை, நகர்த்தி வைத்துவிட்டார். வெளியே வந்து அம்மா அழவில்லை. "நான் யாருன்னே கேக்கல பாரு" என்று மட்டும் சொன்னாங்க.

அப்புறம் கை கொடுத்தது அம்மாவின் குழுதான். உள்கடன் கொடுத்தாங்க. சேமிப்பு, வரவு செலவு, திருப்பிக் கட்டினது எல்லாம் தீர்மான நோட்டில் அம்மா கையெழுத்தோடு இருந்தது. அதை வைத்துப் பிறகு வங்கிக் கடனும் வந்தது. ஆயா, அம்மா இரண்டு பேரும் கணக்கு எழுதினவங்கதான். குழு நோட்டில் எழுதினபோதுதான் அது ஆதாரமாச்சு. மகளிர் திட்டம் தமிழ்நாட்டில் 1997-ல் தொடங்கியபோது, மாசாமாசம் உட்கார்ந்து நோட்டு எழுதுவதைச் சிலர் கிண்டல் செய்தார்கள் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்வாங்க. அந்த நோட்டின் அருமை எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

இப்போது கடை லைசென்ஸ் அம்மா பேரில் இருக்கிறது. போர்டு இன்னும் மாற்றவில்லை. "தாத்தா பேரு இருக்கட்டும்டி, கீழ என் பேரையும் எழுதச் சொல்லு" என்று அம்மா சொல்லியிருக்காங்க.

சகோதரிகளே, உங்களில் பலர் டீக்கடை, பூக்கடை, இட்லிக்கடை, தையல் கடை நடத்துகிறீர்கள். பலர் வீட்டுக்காரர் கடையில் சம்பளம் இல்லாமல் பாதி நாள் நிற்கிறீர்கள். லைசென்ஸில், வாடகை ஒப்பந்தத்தில், வங்கிக் கணக்கில் உங்கள் பேர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லை என்றால் வீட்டில் நல்லபடியாகப் பேசிச் சேர்க்கச் சொல்லுங்கள். கஷ்டம் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போது கேட்பது சுலபம்.

வீட்டில் வயசான அம்மாவோ ஆயாவோ இருந்தால், அந்தக் காலத்தில் கடை எப்படி நடந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்க ஆயாவின் நோட்டுகளில் பலதைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டோம். மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு. அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.