சொந்தக் காசில் ஒரு பாலம், ஓர் அணை

2022 ஜூன் 25 அன்று பத்மா ஆற்றின் மீது 6.15 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தை வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா திறந்துவைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 9 அன்று, சூடான் எல்லைக்குச் சற்றுத் தள்ளி நீல நைலின் குறுக்கே எழுந்த மறுமலர்ச்சி அணையை எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது திறந்துவைத்தார். இரண்டு விழாக்களிலும் கேட்ட பெருமிதம் ஒன்றுதான்: யாரிடமும் கையேந்தாமல் சொந்தக் காசில் கட்டினோம். ஐக்கிய நாடுகள் சபையின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் எத்தியோப்பியா 1971 இல் பட்டியல் தொடங்கியதிலிருந்தே இருக்கிறது. வங்கதேசம் 1975 இல் சேர்ந்தது. அப்படிப்பட்ட இரு நாடுகள் பல நூறு கோடி டாலர் வேலையைத் தாமே முடித்தன என்றால், அந்தச் ‘சொந்தக் காசு’ யாருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

கடன் கிடைக்காமல் போன கதையிலிருந்தே இரண்டும் வேறுபடுகின்றன. பத்மா பாலத்துக்கு முதலில் எல்லாம் கைகூடியிருந்தது. உலக வங்கி 120 கோடி டாலர், ஆசிய வளர்ச்சி வங்கி 61.5 கோடி, இவற்றோடு ஜப்பானும் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும். உலக வங்கிக் கடனின் நிபந்தனை ஏழை நாடுகளுக்கே உரியது: ஆண்டுக்கு 0.75 விழுக்காடு சேவைக் கட்டணம், நாற்பது ஆண்டுத் தவணை. பிறகு மேற்பார்வை ஒப்பந்தத்துக்காகக் கனடாவின் எஸ்.என்.சி.லாவலின் நிறுவனம் லஞ்சம் தரத் திட்டமிட்டது என்ற புகார் எழுந்தது. 2012 ஜூன் 29 அன்று உலக வங்கி கடனை ரத்து செய்தது. சில மாதங்களில், நிபந்தனைகளோடு திரும்பி வர ஒப்புக்கொண்டது. விசாரணை இழுத்துக்கொண்டே போக, 2013 ஜனவரி முடிவில் வங்கதேச அரசே தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு தேர்தல். அதற்கு மேல் காத்திருக்கும் பொறுமை ஆட்சிக்கு இல்லை. 2017 இல் கனடா நீதிமன்றம் ஒட்டுக்கேட்புச் சான்றுகளை ஏற்க மறுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பை ஹசீனா அரசு வெற்றிக்கொடியாகத் தூக்கிப் பிடித்தது இயல்புதான். ஆனால், வழக்கு நிற்கவில்லை என்பதும் தவறே நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல.

எத்தியோப்பியாவின் மீது அப்போது லஞ்சப் புகார் எதுவும் இல்லை. அதன் சிக்கல் புவியியல். பல நாடுகள் வழியே ஓடும் ஆற்றில் ஒரு திட்டத்துக்கு உலக வங்கி கடன் தர வேண்டுமானால், கீழே இருக்கும் நாடுகளுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும், அவற்றின் எதிர்ப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். எகிப்து எதிர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் 2011 ஏப்ரல் 2 அன்று அடிக்கல் நாட்டிய அன்றைய பிரதமர் மெலஸ் செனாவி, கடன் கேட்டு அலைவதையே விட்டுவிட்டார். நியாயமாகப் பார்த்தால் எகிப்தும் சூடானும் செலவில் பாதியை ஏற்றிருக்க வேண்டும் என்று அன்றைய உரையில் அவர் இடித்துரைத்தார். அது நடக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

சுமையின் அளவையும் பார்த்துக்கொள்வோம். பாலத்துக்கு அன்று போட்ட மதிப்பீடு சுமார் 290 கோடி டாலர். வங்கதேசத்தின் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல். அணைக்குப் போட்ட மதிப்பீடு 480 கோடி டாலர் அளவில். எத்தியோப்பியாவின் ஓராண்டு உற்பத்தியில் ஏழில் ஒரு பங்கு. ஒருவர் வீட்டுக்குக் கூரை மாற்றினார், மற்றவர் வீட்டையே இடித்துக் கட்டினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எத்தியோப்பியா பணம் திரட்டிய முறை நம் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து மொய் விருந்தை நினைவூட்டுகிறது. ஊரார் கூடிய இடத்தில் பெயர் சொல்லி எழுதுவார்கள். எழுதாமல் வெளியே வர முடியாது. அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கொடுத்துப் பத்திரம் வாங்கினார்கள். கைப்பேசியில் 8100 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலே காசு பிடிக்கப்பட்டது. அயல்நாட்டில் வாழ்வோருக்கு டாலர் பத்திரம். அமெரிக்காவில் பதிவு செய்யாமல் அதை விற்றதால், 2016 இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு எத்தியோப்பிய மின்வாரியம் சுமார் 65 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. ‘எகுப்’ என்ற பெயரில் சீட்டு கட்டிப் பழகிய மக்கள் அவர்கள். சேர்ந்து பணம் போடுவது புதிதல்ல. சீட்டில் தன் முறை வரும்போது பணம் கைக்கு வரும். இங்கே எப்போது வரும் என்று கேட்பதே தேசத் துரோகம் போல ஆகிவிட்டது.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகும் மக்களின் பத்திரமும் நன்கொடையும் சேர்ந்து செலவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. திறப்பு விழாவின்போது எத்தியோப்பிய ஊடகங்கள் தந்த கணக்குப்படி 91 விழுக்காடு அரசு வங்கிகள் வழியே வந்தது. 9 விழுக்காடுதான் மக்கள் எழுதிய மொய். என் கண்ணுக்கு உண்மையான கதை அந்த 91 இல்தான் இருக்கிறது. அணை வேலை தொடங்கிய அதே 2011 ஏப்ரலில் நடுவண் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது: தனியார் வங்கிகள் புதிதாகத் தரும் ஒவ்வொரு கடனுக்கும், அதில் 27 விழுக்காடு அளவுக்கு அரசுப் பத்திரம் வாங்கியே ஆக வேண்டும். பத்திரத்துக்கு வட்டி 3 விழுக்காடு. அந்த வங்கிகள் தம் வாடிக்கையாளர்களின் சேமிப்புக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச வட்டியோ 5. அந்த ஆண்டு விலைவாசி ஏறியது 30 விழுக்காட்டுக்கும் மேல். அந்தப் பணம் நேராக அணைக்குத்தான் போனது என்று சொல்ல முடியாது; தொழில் கடன்களுக்காக வளர்ச்சி வங்கிக்குத் திருப்பப்பட்டது. அங்கே அது போனதால் இங்கே அரசு வணிக வங்கி மின்வாரியத்துக்கு அள்ளித் தர வழி பிறந்தது. ஆக, எத்தியோப்பிய நாணயத்தில் நூறு பிர் சேமித்தவர், வட்டியைச் சேர்த்த பிறகும், ஆண்டு முடிவில் அதன் வாங்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்தார். வரி என்று எந்தச் சட்டமும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் விவாதமும் இல்லை. அந்த ஆணை 2019 வரை நீடித்தது. மின்வாரியம் உள்ளிட்ட அரசு நிறுவனங்கள் திருப்பிக் கட்டாத கடன்களால் அரசு வணிக வங்கி தள்ளாடியபோது, அரசே பத்திரம் எழுதிக் கொடுத்து அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிவந்தது.

வங்கதேசத்தில் இதே மறைப்பு வேறு உருவில் நடந்தது. 2007 இல் 10,161 கோடி டாகா என்று போட்ட மதிப்பீடு 2018 இல் 30,193 கோடியில் போய் நின்றது. அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து பாலம் ஆணையத்துக்குக் கடன் கொடுத்தது: 35 ஆண்டு, ஒரு விழுக்காடு வட்டி. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதே ஆண்டுகளில் அந்த அரசு நடுத்தர வர்க்கத்துக்கு ‘சஞ்சயபத்ரா’ என்ற சேமிப்புப் பத்திரங்களை விற்று, அவற்றுக்கு 11 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தந்துகொண்டிருந்தது. பதினொன்றுக்கு வாங்கி ஒன்றுக்குக் கொடுத்தால் நடுவில் இருக்கும் பத்தை யார் கட்டுவது? வரி செலுத்துபவர். முதல் ஆண்டில் பாலம் ஈட்டிய சுங்கம் சுமார் 800 கோடி டாகா. ஒரு விழுக்காடு வட்டியோடு அசலைப் பகிர்ந்தால் ஆண்டுத் தவணை சராசரியாக ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது. சந்தை வட்டி போட்டிருந்தால், சுங்கம் முழுதும் போட்டாலும் வட்டிக்கே எட்டியிருக்காது. பாலம் வேண்டாத பாலம் என்று இதற்குப் பொருளில்லை. தென்மேற்கின் 21 மாவட்டங்கள் படகுத்துறையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த காலம் முடிந்தது. நோயாளியை ஏற்றிவந்த வண்டி மாவா துறையில் படகுக்காக நின்றதைக் கண்டவருக்கு இந்தக் கணக்கு சில்லறையாகத் தோன்றலாம்.

இருந்தும் சேமிப்பவரை நசுக்காமல், ஏறத்தாழ வெளிப்படையான வரவு செலவுக்குள்ளேயே வங்கதேசத்தால் இதைச் செய்ய முடிந்தது. அதற்கு ஆட்சியின் திறமையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உள்நாட்டுப் பணத்தை அரசு எப்படியாவது திரட்டிவிடலாம். பத்திரம் விற்கலாம், வரி போடலாம், அச்சடிக்கவும் செய்யலாம். டாலரை அச்சடிக்க முடியாது. பாலத்தைக் கட்டிய சீன நிறுவனத்துக்கும் அணையைக் கட்டிய இத்தாலிய சலினி நிறுவனத்துக்கும், எஃகுக்கும் சுழலிகளுக்கும் அந்நியச் செலாவணிதான் தர வேண்டும். பாலம் திறந்த நிதியாண்டில் வங்கதேசம் 5,200 கோடி டாலருக்கு ஏற்றுமதி செய்தது. பெரும்பகுதி ஆயத்த ஆடை. வெளிநாடுகளில் உழைப்பவர்கள் இன்னும் 2,100 கோடி டாலர் அனுப்பினார்கள். அதே காலத்தில் எத்தியோப்பியாவின் சரக்கு ஏற்றுமதி, காபியும் பூவும் தங்கமும் சேர்த்து, 410 கோடி டாலர் அளவுதான். பத்மாவின் தூண்களை நிறுத்தியது தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்த பெண்களின் உழைப்பு என்று சொன்னால் அது மிகையல்ல.

‘வெளிநாட்டுக் கடன் இல்லை’ என்ற வாசகத்திலும் இரண்டு நாடுகளும் ஒரே தந்திரம் செய்தன. பாலத்தின் மீது ஓடும் ரயில் பாதைக்குச் சீனாவின் எக்சிம் வங்கியிடம் சுமார் 267 கோடி டாலர் கடன். 2018 இல் கையெழுத்தானது. அணையிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளுக்கும் 2013 இல் சீனாவிடமே 100 கோடி டாலர். தாலி சொந்தக் காசு, சங்கிலி கடன் என்பது போல.

கடன் தருபவர் விலகும்போது பணம் மட்டும் போவதில்லை; கணக்குக் கேட்கும் ஆளும் போய்விடுகிறார். பாலத்தின் வரைபடம் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியில் ஏற்கெனவே தயாராகியிருந்தது. ஒப்பந்தப் புள்ளி முறையும் கடன் தருபவர்களின் வழக்கப்படி அமைந்திருந்தது. அவர்கள் போன பிறகும் அந்த அச்சு உடையவில்லை. ஆனால் முதன்மைப் பாலத்துக்கு விலைப்புள்ளி தந்தது ஒரே நிறுவனம். எத்தியோப்பியாவில் அந்த அச்சும் இல்லை. சுழலிகளும் மின்னாக்கிகளும் அமைக்கும் வேலை, அனுபவமே இல்லாத, ராணுவம் நடத்திய மெட்டெக் நிறுவனத்துக்குப் போனது. அணைச் சுவர் உயர்ந்துகொண்டிருக்க, எந்திரங்கள் வரவில்லை. 2018 ஜூலையில் திட்டத் தலைவர் சிமெக்னு பெக்கெலே அடிஸ் அபாபாவின் மெஸ்கல் சதுக்கத்தில் தன் காருக்குள் இறந்து கிடந்தார். அடுத்த மாதம் மெட்டெக்கின் ஒப்பந்தம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டில் முடியும் என்று சொன்ன அணையின் முதல் சுழலி 2022 பிப்ரவரியில்தான் சுற்றியது.

2015 ஜூலையில் வளர்ச்சி நிதி பற்றிய ஐநாவின் மூன்றாவது மாநாடு அடிஸ் அபாபாவில்தான் கூடியது. ஏழை நாடுகள் உள்நாட்டு வளங்களைத் திரட்ட வேண்டும் என்பது அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. அந்த மண்டபத்துக்கு வெளியே ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது, மாநாட்டு ஆவணம் நினைத்த வழியில் அல்ல. இரண்டு நாடுகளிலும் வரி வருவாய் உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே இருந்தது. வரி வசூலிக்கச் செல்வரிடம் போக வேண்டும். சேமிப்பைத் தேய்க்க யாரிடமும் போக வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் 3.3 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்டாமல் எத்தியோப்பியா கடன் தவறியது. அணையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. திக்ரே போரும், சர்க்கரை ஆலைகளும், ஜிபூட்டி ரயில் பாதையும் அதே கணக்கில் சேர்கின்றன. 2024 ஜூலையில் பன்னாட்டு நாணய நிதியத்தின் 340 கோடி டாலர் உதவிக்காக நாணயத்தைச் சந்தையில் மிதக்கவிட்டார்கள். டாலருக்கு 57 ஆக இருந்த பிர் சில வாரங்களில் 100 ஐத் தாண்டியது. 2011 இல் அது சுமார் 17. இன்று அணை 5,150 மெகாவாட் திறனோடு நிற்கிறது. நாட்டில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டில் மின்விளக்கு இல்லை, அதே சமயம் பிட்காயின் கணினிக் கூடங்களுக்கு மின்சாரம் டாலருக்கு விற்கப்படுகிறது. டாலர் பசியில் இருக்கும் மின்வாரியத்தை இதற்காகத் திட்டவும் மனம் வரவில்லை. கிராமங்களுக்கு அந்த மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் இணைப்புகளுக்குக் கடன் கொடுப்பவர்களில் ஒருவர், அணையைத் தொட மறுத்த அதே உலக வங்கி.

வங்கதேசம் கடன் தவறவில்லை. செலாவணிக் கையிருப்பு கரைந்ததும் 2023 ஜனவரியில் பன்னாட்டு நிதியத்திடம் 470 கோடி டாலர் கேட்டுப் பெற்றது. பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து அது வெளியேற ஐநா குறித்த நாள் 2026 நவம்பர் 24. அதன் பிறகு ஆடைகளுக்கான தீர்வைச் சலுகைகளும் படிப்படியாகப் போகும். பாலத்துக்கான டாலரை ஈட்டித் தந்த சலுகைகள் அவை. ஹசீனா 2024 ஆகஸ்ட் 5 அன்று நாட்டை விட்டே போனார். அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே 1 அன்று, உலக வங்கியுடனான ஐம்பதாண்டு உறவைக் கொண்டாட அவர் வாஷிங்டன் போயிருந்தார். அன்று ஐந்து திட்டங்களுக்கு 225 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வங்கித் தலைவர் டேவிட் மால்பாஸுக்கு ஹசீனா ஒரு பரிசு கொடுத்தார். சட்டமிட்ட ஓவியம்: பத்மா பாலம்.