பூனைக்காலியும் மாமாவின் மாத்திரை டப்பாவும்

நம்ம பக்கம் வேலியோரங்களில் பூனைக்காலிக் கொடியைப் பார்த்திருப்பீர்கள். காயின் சுணை மேலே பட்டால் அரிப்பு உயிரை எடுத்துவிடும். இந்த விதைக்கு மெட்ராஸில் ஒரு வரலாறு உண்டு.

1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். தாமோதரன், ஆர். ராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டார்கள். அதைத்தான் இன்று லெவோடோபா என்கிறோம். 1913-லேயே குகன்ஹைம் என்பவர் ஐரோப்பிய அவரை வகை ஒன்றிலிருந்து இதே பொருளை எடுத்திருந்தார். ஆனால் நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சன் நோய்க்கு, இது மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

விடை கிடைத்ததிலும் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பங்கு உண்டு. சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ரெசர்பின் மருந்தைக் கொடுத்தால் முயல்கள் அசையாமல் கிடந்தன. 1957-ல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அவற்றுக்கு டோபா கொடுத்தார், மறுபடி நடமாடின. 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967-ல் நியூயார்க்கில் கோட்சியாஸ் டோபாவை அதிக அளவில் வாய்வழியாகக் கொடுத்துப் பலன் கண்டார். ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியது 1817-ல். கணக்குப் போட்டால் சரியாக 150 வருஷம்.

இனி இன்னொரு வரலாறு. 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. அன்றைக்குக் கையில் இருந்தது அசத்தியோபிரின், பிரெட்னிசலோன் போன்ற மருந்துகள்தான். 1980-களில் சைக்ளோஸ்போரின் வந்தது. 1984-ல் ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இவை வந்தபிறகு மாற்றுச் சிறுநீரகத்தோடு பல வருஷம் வாழ முடிகிறது. அதனால்தான், அறுபதுக்குமேல் வரும் நடுக்குவாதமும் மாற்றுச் சிறுநீரகமும் ஒரே உடம்பில் சந்திக்கின்றன. பழைய தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை வர வாய்ப்பே குறைவு.

என் மாமாவுக்கு வந்தது. திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போனவர். அவருக்குள் வேலை செய்வது அத்தை கொடுத்த சிறுநீரகம். கை நடுங்க ஆரம்பித்ததும் டாக்ரோலிமஸ் மேல்தான் சந்தேகம் போனது. நியாயம்தான், அந்த மருந்தும் நடுக்கம் தரும். ஆனால் மருந்து நடுக்கம் பெரும்பாலும் இரண்டு கைகளிலும், டம்ளரைப் பிடிக்கும்போது தெரியும். பார்க்கின்சன் நடுக்கம் ஒரு பக்கத்தில் தொடங்கும். கை மடியில் சும்மா இருக்கும்போதுதான் அதிகம். கூடவே நடை, கையெழுத்து எல்லாம் சுருங்கும். மாமாவுக்கு இரண்டாவது வகை.

பூனைக்காலிக் கதையைச் சொன்னதும் மாமா கேட்டார்: "ஏம் மாப்ள, வேலியில காய்க்கறதுலயே அந்த மருந்து இருக்குதுன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்கு மாத்திரை?"

நியாயமான கேள்வி. 1995-ல் பூனைக்காலிப் பொடியை 60 நோயாளிகளுக்குக் கொடுத்து நடந்த ஆய்வில் பலன் தெரிந்ததும் உண்மை. ஆனால் விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கிறது. மூளைக்குப் போகும் முன்னே லெவோடோபா வீணாவதை அது தடுக்கும், குமட்டலையும் குறைக்கும். சாதாரண ஆளுக்கு வாந்தி ஒரு நாள் தொல்லை. மாமாவுக்கு அப்படியில்லை. வாந்தியோடு டாக்ரோலிமஸும் வெளியே போனால், உடம்பில் நீர் வற்றினால், அடி வாங்குவது அத்தையின் சிறுநீரகம்.

மாத்திரை என்றாலும் எல்லாமே பொருந்தாது. நடுக்குவாதத்துக்குத் தரும் பிரமிபெக்சோல், அமண்டடின் இரண்டும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகத்தின் திறனைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். அதனால் நரம்பு டாக்டர் எழுதும் சீட்டைச் சிறுநீரக டாக்டரும் பார்த்தாக வேண்டும்.

இப்போது அவர் வீட்டில் கடிகாரம்தான் ராஜா. டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, தவறவே கூடாது. லெவோடோபா சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், ஏனென்றால் பருப்பு, முட்டைப் புரதம் அதை மறிக்கும். முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் மாமா முட்டையை ராத்திரிக்குத் தள்ளிவைத்துவிட்டார். அலாரம் வைப்பது அத்தை.