குளிர்பானம் வீட்டுக்குள் வந்த வழி

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறுக்கிறார்கள், தாகம் என்றாலே இனிப்புப் பானத்தைக் கேட்கிறார்கள் என்ற குறை இன்று இந்திய நகரங்களில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடியது. அதைப் பிள்ளையின் பிடிவாதம் என்றோ தாயின் கண்டிப்பின்மை என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள் புகுந்த வழிக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் அரசுக்கும் பங்கு உண்டு.

1977இல் ஜனதா அரசு பதவியேற்றபின், 1973ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட மறுத்த கோகோ கோலா நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. தொழில்துறை அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் பிற்காலத்தில் அதைப் பற்றிப் பேசியபோது, பாதுகாப்பான குடிநீர் எட்டாத கிராமங்களையும் அந்தப் பானம் எட்டிவிட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். கூர்மையான வாதம்தான். ஆனால் அந்த வாதத்துக்கு அரசு கண்ட விடை குடிநீர் அன்று, இன்னொரு கோலா. ரொட்டி தயாரித்துவந்த பொதுத்துறை நிறுவனமான மாடர்ன், ஆண்டின் நினைவாக ‘டபுள் செவன்’ என்று பெயரிட்ட பானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் கலவையை உருவாக்கியது மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டு நாட்டுக்கு அளித்த அதே நிலையம்! சுதேசி என்றால் சர்க்கரையும் சுதேசியாக இருந்தால் போதும் என்று அன்று கருதினார்கள் போலும். டபுள் செவன் நிலைக்கவில்லை. பார்லே நிறுவனத்தின் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகியவையும் கேம்பா கோலாவும் அந்த இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

எனினும் அந்தக் காலத்தில் குளிர்பானம் வீட்டுப் பொருள் அன்று. காரணம் எளியது: பாட்டில் கண்ணாடியால் ஆனது, கடைக்காரருக்குத் திரும்பிச் செல்ல வேண்டியது. கடை வாசலில் நின்று குடித்துவிட்டு வெற்றுப் பாட்டிலைப் பெட்டியில் செருக வேண்டும். எடுத்துச் செல்வதானால் முன்பணம் கட்ட வேண்டும். வீடுகளில் குளிர்பதனப் பெட்டியும் அரிது. ஆகவே திருமணம், திரையரங்கு, ரயில் பயணம் என்று ஆண்டில் சில நாள்களோடு அந்த இனிப்பு நின்றது. வீட்டில் மண்பானைத் தண்ணீர்தான். சிறுவர்களுக்கு அளவு வகுத்தது பெற்றோரின் அறிவுரை அன்று, திருப்பித் தர வேண்டிய அந்தக் கண்ணாடிப் பாட்டில்.

அந்த வேலியை முதலில் தாண்டியது அகமதாபாத்தின் ரஸ்னா. 5 ரூபாய்ப் பொட்டலத்தில் 32 குவளை பானம் என்பது 1980களின் நடுத்தரக் குடும்பக் கணக்குக்கு மிகப் பொருந்திய வாக்குறுதி. கண்ணாடிப் பாட்டிலில் அடைத்த பானத்தைத் தொழிற்சாலை செய்தது. ரஸ்னாவைத் தாய் செய்தாள். சர்க்கரையும் அவளுடைய அடுக்களையிலிருந்தே போயிற்று. கடையில் வாங்கிய ஆடம்பரம் என்ற உறுத்தல் நீங்கி, கோடை விடுமுறையின் பாசமாக அது மாறியது. விளம்பரங்களில் பேசியதும் சிறுமிதான். இந்த வரலாற்றில் நிறங்கள் பல, கோலாக்கள் பல. ஆனால் பிள்ளையின் அன்றாடத் தாகத்துக்கு இனிப்பை விடையாக்கிய மாற்றத்தில் ரஸ்னாவுக்கு நிகரான பங்கு வேறெதற்கும் இல்லை என்பது என் கணிப்பு.

1990இல் பெப்சி வந்தது. 1993இல் கோகோ கோலா ஆக்ரா வழியாகத் திரும்பி வந்து பார்லேயின் பானங்களை விலைக்கு வாங்கியது. பானங்களை விற்ற ரமேஷ் சௌஹான், பிஸ்லெரி என்ற தண்ணீர் வணிகத்தை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார் என்பது சுவையான கிளைக்கதை. பின்னர் பரவிய 1.5 லிட்டர், 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் கடைக்குத் திரும்ப வேண்டியவை அல்ல. அவை குளிர்பதனப் பெட்டியின் கதவில், தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தன. வடக்கில் விருந்தினரிடம் ‘தண்டா’ வேண்டுமா என்று கேட்பது வழக்கம். மோரும் சர்பத்தும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விளம்பரத் தொடர் அந்தப் பொதுச்சொல்லையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டது. 200 மில்லி பாட்டில் 5 ரூபாய்க்கும் வந்தது.

2003இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்தபோது நாடே கொதித்தது. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது. அந்தப் பெருவிவாதத்தில் மில்லிகிராமுக்கும் குறைவான நச்சு அலசப்பட்டது. 300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருப்பதோ, யாரும் மறைக்காமல் கண்முன் இருந்தும், ஓரத்துப் பேச்சாகவே நின்றது.

அரசின் பார்வை சர்க்கரையின்மேல் திரும்பியது அண்மையில்தான். 2020ஆம் ஆண்டின் விதிமுறைகள் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி உணவகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கத் தடை விதித்தன. 2019இல் கேரளப் பள்ளிகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கின, கர்நாடகம் தொடர்ந்தது. 2024இல் பால்மாவுப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின்கீழ் விற்க வேண்டாமென்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. இவை யாவும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன, அது இயல்பே. உள்ளே பெற்றோர் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றுவது, பழைய கண்ணாடிப் பாட்டில் செய்த வேலையைத் திரும்பச் செய்வதுதான்: குளிர்பானத்தை வாங்கி இருப்பு வைக்காமல் இருப்பது, பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் பானையும் குவளையும் வைப்பது.

ஆனால் தண்ணீர் குடி என்று சொல்ல, நம்பிக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது, ஊரக வீடுகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டுக்கே குழாய் இணைப்பு இருந்தது. பெர்னாண்டஸ் சுட்டிக்காட்டிய குறை 42 ஆண்டுக்குப் பின்னும் அப்படியே கிடந்தது. கலங்கிய குழாய்நீரைக் கண்டு அஞ்சி, மூடி திறக்காத பாட்டிலைப் பிள்ளையிடம் நீட்டும் தாயைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு முதல் பிளாஸ்டிக் குளிர்பானப் பாட்டில் எந்த ஆண்டில், எதன் பொருட்டு வந்தது என்று மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். ஆவணக் காப்பகங்களில் அந்தத் தகவல் கிடைப்பதில்லை.