லெ மான் 24 மணி நேரப் பந்தயம்

பிரான்சின் சார்த் மாவட்டத் தலைநகரான லெ மானுக்குத் தெற்கே, பெரும்பாலும் ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் மாலை தொடங்கி, மறுநாள் மாலை அதே நேரத்தில் முடியும் கார்ப் பந்தயம் இது. முதன்முதலாக 1923 மே 26, 27 தேதிகளில் நடந்தது. பெரும்பாலான பந்தயங்களில் தூரத்தை முன்கூட்டியே வகுத்து, அதை முதலில் கடப்பவருக்குப் பரிசு தருவார்கள். லெ மானில் வகுக்கப்பட்டது நேரம் மட்டுமே. ஒரு பகலும் ஓர் இரவும் அடங்கிய 24 மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓடிய கார் வெல்லும். இப்போதைய தடம் ஒரு சுற்றுக்கு 13.626 கிலோமீட்டர்.

உலகின் தலைசிறந்த மோட்டார் பந்தயம் எது என்று கேட்டால் மூன்று பெயர்கள் வரும். அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் 500, மொனாக்கோ கிராண்ட் பிரி, லெ மான். இந்தியானாபொலிஸ் 1911இலேயே தொடங்கியது, லெ மானைவிட மூத்தது. நகரத் தெருக்களுக்குள் இம்மியும் பிசகாமல் ஓட்ட வேண்டிய மொனாக்கோ, ஓட்டுநரின் கைத்திறனுக்குக் கடும் சோதனை. மூன்றையும் வென்ற ஒரே மனிதர் பிரிட்டனின் கிரஹாம் ஹில். மொனாக்கோவை ஐந்து முறையும், இந்தியானாபொலிஸை 1966இலும், லெ மானை 1972இலும் வென்றார். ஆனாலும் முதலிடம் லெ மானுக்கே உரியது என்பது இக்கட்டுரையின் துணிபு. மற்ற இரண்டும் ஓட்டுநரின் திறமையையும் காரின் வேகத்தையும் அளக்கின்றன. லெ மான் அவற்றோடு இருட்டு, மழை, உறக்கமின்மை, உலோகத்தின் தேய்மானம் ஆகியவற்றையும் சேர்த்துச் சோதிக்கிறது. கார் வாங்கும் எந்த மனிதரும் தன் வண்டியிடம் எதிர்பார்ப்பது எதுவோ அதையே, பல மடங்கு கடுமையாக, இந்தப் பந்தயம் கேட்கிறது.

நகரமும் தோற்றமும்

லெ மானுக்கும் எந்திரங்களுக்கும் உள்ள உறவு பந்தயத்தைவிடப் பழையது. மணி வார்க்கும் குடும்பத்தில் பிறந்த அமெதே பொல்லே 1873இல் நீராவியால் ஓடும் பயணிகள் வண்டியொன்றை இங்கே உருவாக்கினார். கிராண்ட் பிரி என்ற பெயரில் நாடளவில் நடத்தப்பட்ட முதல் கார்ப் பந்தயம் 1906 ஜூனில் இவ்வூரை அடுத்த சாலைகளில் நடந்தது. ரெனோ காரில் ஃபெரென்ஸ் சிஸ் வென்றார். 1908 ஆகஸ்டில் வில்பர் ரைட் ஐரோப்பிய மக்கள் முன் தன் விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டதும் லெ மானுக்கு வெளியே உள்ள ஊனோதியேர் குதிரைப் பந்தயத் திடலில்தான்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் கார்கள் பெருகின. ஆனால் அவற்றின் விளக்குகளை நம்பி இரவில் வெளியூர் போக முடியாது. மேற்குப் பிரான்ஸ் ஆட்டோமொபைல் கழகத்தின் செயலாளர் ஜார்ஜ் துரான், பத்திரிகையாளர் சார்ல் ஃபரூ, ரட்ஜ்-விட்வொர்த் சக்கர நிறுவனத்தின் பிரான்ஸ் பிரதிநிதி எமில் கொகீல் ஆகிய மூவரும் கூடிப் பேசி, கடையில் விற்கும் கார்களை இரவு முழுவதும் ஓடவிட்டுச் சோதிக்கும் பந்தயமாக இதை வடிவமைத்தார்கள்.

முதல் பந்தயம் மழையில் தொடங்கியது. 33 கார்கள் புறப்பட்டன, 30 கார்கள் கடைசி வரை தாக்குப்பிடித்தன. லகாஷும் லெயொனாரும் ஓட்டிய ஷெனார்-வால்கர் கார் 2,209 கிலோமீட்டர் ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 92 கிலோமீட்டர். அந்த ஆண்டு பிரிட்டனிலிருந்து வந்திருந்த ஒரே கார் ஜான் டஃபின் பென்ட்லி. அதன் முன்சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. சாலையிலிருந்து தெறித்த கல் ஒன்று எரிபொருள் தொட்டியைத் துளைத்ததால் கார் வழியில் நின்றுவிட்டது. டஃப் ஓடியே, கார்களைப் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கூட்டாளி ஃபிராங்க் கிளெமென்ட் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு, எரிபொருளோடு கார்களுக்கு எதிர்த்திசையில் மிதித்துப் போய், வண்டியை மீட்டு வந்தார். இத்தனைக்கும் பிறகு அவர்களுக்கு நான்காம் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே இருவர், நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்திய பென்ட்லியில் வந்து வென்றார்கள். 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு வெற்றிகள் பென்ட்லிக்கே கிடைத்தன.

தொடக்கக் கால விதிகளும் சாலைக் காரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. 1924இல் ஓட்டுநர்கள் வழியில் நிறுத்தி, காரின் துணிக்கூரையை விரித்துப் பொருத்திக் காட்ட வேண்டியிருந்தது. 1925இல் புதிய புறப்பாட்டு முறை வந்தது. கார்கள் சாலையின் ஒரு பக்கம், ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கம். கொடி அசைந்ததும் ஓடிச் சென்று ஏறிக் கிளம்ப வேண்டும். பெண்களும் இங்கே முன்னரே வந்துவிட்டார்கள். 1930இல் ஒதெத் சிகோவும் மார்கரித் மரூஸும் ஒரு புகாட்டியை ஓட்டி ஏழாம் இடம் பெற்றார்கள். 1932இல் சிகோ பெற்ற நான்காம் இடத்தை அதன் பிறகு எந்தப் பெண்ணும் மிஞ்சவில்லை.

1936இல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தாலும், 1940 முதல் 1948 வரை போராலும் அதன் அழிவாலும் பந்தயம் நடக்கவில்லை. 1949இல் மீண்டபோது ஃபெராரி என்ற புதிய பெயர் முதன்முறையாக வென்றது. ஏறக்குறைய முழு நேரமும் லூயிஜி கினெட்டி ஒருவரே அதை ஓட்டினார்.

பியேர் லெவே

லெ மான் வரலாற்றில் மிகவும் துயரமான பெயர் லெவேயினுடையது. 1952இல் அவர் தன் டால்போ காரைக் கூட்டாளியிடம் கொடுக்காமல், ஏறத்தாழ 23 மணி நேரம் தனியாகவே ஓட்டினார். எந்திரத்தில் ஏதோ கோளாறு இருப்பதைத் தான் மட்டும் உணர்ந்திருப்பதாகவும், அதைப் பக்குவமாக நடத்தத் தன்னால்தான் முடியும் என்றும் அவர் நம்பினார் என்பர். இரண்டாவதாக வந்த மெர்சிடிஸைவிடச் சில சுற்றுகள் முன்னே இருந்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரம் மிஞ்சியிருந்தபோது எஞ்சின் உடைந்தது. மெர்சிடிஸ் வென்றது.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே மெர்சிடிஸ் நிறுவனம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. 1955 ஜூன் 11 மாலை, மைக் ஹாதார்ன் தன் ஜாகுவாரைப் பிட்டுக்குள் கொண்டுவரப் பிரேக் பிடித்தார். பின்னால் வந்த லான்ஸ் மெக்லினின் ஆஸ்டின்-ஹீலி விலகியது. அதன் மீது லெவேயின் மெர்சிடிஸ் மோதி எகிறி, கரைமேட்டில் சிதறியது. எஞ்சினும் முன்சக்கரப் பாகங்களும் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவேயும் 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. கூட்டம் ஒரேயடியாகக் கலைந்தால் ஆம்புலன்ஸ்களுக்கு வழி கிடைக்காது என்று நடத்தியவர்கள் விளக்கினார்கள். அந்த முடிவு சரியா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. முன்னிலையில் இருந்தும் மெர்சிடிஸ் நள்ளிரவுக்குப் பின் தன் கார்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆண்டு முடிவில் பந்தயங்களிலிருந்தே விலகிய அந்நிறுவனம் வெகுகாலம் திரும்பி வரவில்லை. சுவிட்சர்லாந்து தடப் பந்தயங்களைச் சட்டத்தால் தடுத்தது. அந்தத் தடை 60 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. லெ மானில் பிட் பகுதியும் பார்வையாளர் மேடைகளும் இடிக்கப்பட்டு, சாலை அகலமாக்கப்பட்டது. இந்தப் பந்தயத்தைப் போற்றி எழுதும் எவரும் இந்த நாளைக் கடந்து போய்விட முடியாது. பார்க்க வந்த மக்களின் உயிருக்குப் பொறுப்பேற்கும் கடமை பந்தயம் நடத்துபவருடையது என்பது இவ்வளவு பெரிய விலை கொடுத்த பிறகே சட்டமாயிற்று.

ஃபோர்டும் ஃபெராரியும்

1960 முதல் 1965 வரை ஆறு ஆண்டுகள் ஃபெராரியே வென்றது. 1963இல் ஃபெராரியை விலைக்கு வாங்க ஃபோர்டு முயன்று பேச்சு முறிந்த பிறகு, இரண்டாம் ஹென்றி ஃபோர்டு லெ மானை வெல்லத் தன் நிறுவனத்தின் பணத்தையும் ஆட்களையும் இறக்கினார். முதல் இரண்டு முயற்சிகள் தோற்றன. 1966இல் ஃபோர்டு ஜிடி40 கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. முன்னால் ஓடிக்கொண்டிருந்த கென் மைல்ஸை வேகம் குறைக்கச் சொல்லி, கார்கள் ஒன்றாகக் கோட்டைக் கடக்கும் படத்துக்காக நிறுவனம் ஏற்பாடு செய்தது. ஆனால் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார் தொடக்க வரிசையில் சில மீட்டர் பின்னால் நின்றிருந்ததால், அதுவே அதிகத் தூரம் ஓடியதாகக் கணக்கிட்டு வெற்றி அவர்களுக்கு வழங்கப்பட்டது. டேடோனா, செப்ரிங் நீள்நேரப் பந்தயங்கள் இரண்டையும் அதே ஆண்டில் வென்றிருந்த மைல்ஸ், இரண்டு மாதங்களில் ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்தார். அந்த வெற்றி அவருக்குப் போயிருக்க வேண்டும்.

1969இல் பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ், ஓடிப்போய் ஏறும் புறப்பாட்டு முறையை எதிர்த்து, மற்றவர்கள் ஓடும்போது நடந்தே போனார். நிதானமாக சீட் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அவர் அஞ்சியது முதல் சுற்றிலேயே நடந்தது. ஜான் உல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் தூக்கியெறியப்பட்டு இறந்தார். மறுநாள் ஹான்ஸ் ஹெர்மானின் போர்ஷேயோடு கடைசிச் சுற்று வரை முந்தியும் பிந்தியும் போட்டியிட்ட இக்ஸ், சுமார் 120 மீட்டர் இடைவெளியில் வென்றார். அடுத்த ஆண்டு முதல் ஓட்டுநர்கள் காருக்குள் பெல்ட் கட்டி உட்கார்ந்த நிலையிலேயே பந்தயம் தொடங்கியது. இக்ஸ் லெ மானை மொத்தம் ஆறு முறை வென்றார். அவரைத் தாண்டியவர் ஒன்பது வெற்றிகள் பெற்ற டென்மார்க்கின் டாம் கிறிஸ்டென்சன் மட்டுமே.

சாலையும் இரவும்

தடத்தின் பெரும்பகுதி இன்றும் பொதுச் சாலை. மற்ற நாட்களில் லாரிகளும் உள்ளூர்க் கார்களும் போகும் ஊனோதியேர் நேர்ச்சாலை ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளம். 1988இல் ரொஜே தோர்ஷி தன் டபிள்யூஎம் காரில் இங்கே மணிக்கு 405 கிலோமீட்டரைத் தொட்டார். 1990இல் அந்த நேர்ச்சாலையின் நடுவே இரண்டு வளைவுகளைச் செருகி வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 1971இல் போர்ஷே 917 ஓடிய 5,335 கிலோமீட்டர் சாதனை, 2010இல் ஆடி 5,410 கிலோமீட்டர் ஓடும் வரை நிலைத்தது. ஒரு ஃபார்முலா 1 பந்தயத்தின் தூரம் சுமார் 305 கிலோமீட்டர். அப்படிப் பதினேழுக்கும் மேற்பட்ட பந்தயங்களை ஒரே கார், ஒரே எஞ்சினில், இடைவிடாமல் ஓடுகிறது.

இப்போது ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். ஒருவர் மொத்தமாக 14 மணி நேரத்துக்கு மேலோ, எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேலோ ஓட்டக் கூடாது. அதனால் வெற்றி யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. அதிகாலையில் பிரேக் மாற்றும் மெக்கானிக்குக்கும் அதில் பங்கு உண்டு. ஒரே தடத்தில் வெவ்வேறு வகுப்புக் கார்கள் சேர்ந்தே ஓடுவதும் லெ மானின் இயல்பு. உலகப் புகழ்பெற்ற ஓட்டுநர் தன்னைவிட மெதுவான கார்களை ஒவ்வொரு சுற்றிலும் இருட்டில் தாண்டியாக வேண்டும். அந்த மெதுவான கார்களில் ஆர்வத்தால் ஓட்ட வருபவர்களும் இருப்பார்கள். நடிகர் பால் நியூமன் 1979இல் 54 வயதில் தன் கூட்டாளிகளோடு இரண்டாம் இடம் பெற்றார். இப்படி ஒரு சேர்க்கையை இந்தியானாபொலிஸோ மொனாக்கோவோ அனுமதிப்பதில்லை.

சாலைக் கார்களுக்கு இதனால் கிடைத்தவையும் பல. ஜாகுவார் 1953இல் டிஸ்க் பிரேக்குகளோடு வென்ற பிறகு, அவற்றின் மதிப்பை யாரும் சந்தேகிக்கவில்லை. 1991இல் சுழல் எஞ்சினுடன் ஓடிய மாஸ்டா, லெ மானை வென்ற முதல் ஜப்பானிய கார் ஆனது. கடைசிப் பகுதியை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் களைப்பில் மயங்கியதால் வெற்றி மேடையேற முடியவில்லை. 2006இல் ஆடியின் டீசல் காரும், 2012இல் அதே நிறுவனத்தின் ஹைபிரிட் காரும் தத்தம் வகையில் முதலாவதாக வென்றன. 2016இல் வெற்றிக்கு ஐந்து நிமிடங்கூட இல்லாத நிலையில் கசுகி நகாஜிமாவின் டொயோட்டா சக்தி இழந்து, பிட் மேடைகளுக்கு எதிரிலேயே நின்றது. போர்ஷே தாண்டிச் சென்று வென்றது. டொயோட்டா மனம் தளராமல் 2018 முதல் 2022 வரை ஐந்து முறை வென்றது.

இந்தியர்கள்

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2009இல் கொலஸ் அணியின் ஆடி காரை ஓட்டத் தகுதி பெற்றிருந்தார். பந்தயத்துக்குச் சற்று முன் பிட் சுவரிலிருந்து இறங்கும்போது விழுந்து தோள்பட்டை விலகியதால் அவரால் ஓட்ட முடியவில்லை. மற்ற இருவரே 24 மணி நேரத்தையும் பகிர்ந்து ஓட்டி ஏழாம் இடம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ஆந்த்ரே லோட்டரர் பின்னர் ஆடி அணியில் சேர்ந்து மூன்று முறை வென்றார். 2012இல் சென்னையின் கருண் சந்தோக் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியரானார். டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் அவர் ஓட்டிய கார் மொத்தத்தில் ஆறாவதாக வந்தது.

நூற்றாண்டுக்குப் பின்

2023இல், முதல் பந்தயத்தின் நூறாம் ஆண்டில், உயர் வகுப்புக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் திரும்பிய ஃபெராரி முதல் முயற்சியிலேயே வென்றது. 2024இலும் 2025இலும் வென்றதும் ஃபெராரி கார்களே. 2025இல் வென்ற மஞ்சள் நிறக் காரின் ஓட்டுநர்கள் போலந்தின் ராபர்ட் குபிட்சா, சீனாவின் யே யிஃபெய், பிரிட்டனின் ஃபில் ஹான்சன். குபிட்சா 2011இல் ஒரு ராலி விபத்தில் வலக்கையின் செயல்பாட்டைப் பெருமளவு இழந்தவர். 2021 லெ மானில் அவரும் யேயும் ஓட்டிய கார், தன் வகுப்பில் முன்னிலையில் இருந்தபோது கடைசிச் சுற்றில் நின்றுபோனது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே இருவரும் ஒட்டுமொத்த வெற்றியைப் பெற்றார்கள். கடைசிச் சுற்றை ஓட்டிக் கோட்டைக் கடந்தவர் குபிட்சா.