மைசூர் மேட்டுநிலமும் மாமல்லபுரக் கரையும்: சூறாவளி உருவாக்கத்தில் உயரத்தின் பங்கு

நாளிதழ்களில் புயலும் சூறாவளிதான், டொர்னாடோவும் சூறாவளிதான். கடலில் உருவாகி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிவதைப் புயல் என்றும், இடிமேகத்தின் அடியிலிருந்து தரை தொடும் குறுகிய சுழலைச் சூறாவளி என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. செங்கல்பட்டு வட்டாரத்தில் சூறாவளி அரிது. சுற்றிலும் உள்ள குன்றுகளே காப்பு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை ஏற்க இயலாது.

அவற்றுள் ஒன்றான திருக்கழுக்குன்றத்து வேதகிரியின் உயரம் சுமார் 500 அடி. சூறாவளியை ஈனும் இடிமேகமோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எழும்புவது. குன்று தன் மறைவில் சருகுகளைச் சுழற்றலாம், அவ்வளவுதான். பெருமலைகளே தடுத்ததில்லை. 1987 ஜூலை 21 அன்று அமெரிக்காவின் டீட்டன் மலைக்காட்டில் 10,000 அடி உயரத்தையும் தாண்டிச் சென்ற சூறாவளியின் தடத்தை வானிலை அறிஞர் ஃபுஜிட்டா ஆராய்ந்து பதிவு செய்தார். 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் மைனாகுரி சூறாவளியால் பாதிக்கப்பட்டது இமயத்தின் அடிவாரத்தை ஒட்டித்தான்.

மேட்டுநிலத்தின் உண்மையான வேலை, காற்றைத் தொலைவிலிருந்தே பக்குவப்படுத்துவது. சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தில் காய்ந்த வறண்ட காற்று கிழக்கே நகர்ந்து, வங்கக்கடலின் ஈரக்காற்றின்மேல் மூடிபோலப் படிகிறது. மூடிக்குக் கீழே வெப்பமும் ஈரமும் சேர்ந்துகொண்டே போகும். மாலையில் மூடி உடைந்தால் மேகம் சீறி எழும். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில் சுமார் 1,300 உயிர்களைப் பறித்த சூறாவளி இத்தகைய நிலத்தமைப்பில் பிறந்தது.

இந்த ஏற்பாட்டில் பாதி நமக்கும் உண்டு. மைசூர் மேட்டுநிலத்தில் உள்ள பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. கோடையில் அந்த மேட்டுநிலத்துக் காற்று கிழக்கே வந்து நம் தலைக்குமேல் படிகிறது. தரையில் கச்சான் எனும் மேற்குக்காற்று ஓங்கிய நாளில் கடற்காற்று பிந்துகிறது. மாமல்லபுரத்து மணல் மூன்று மணிவரை கால் பொசுக்குகிறது. பிறகு கடற்காற்று உள்ளே புகும் முகப்பில் இடிமழை எழுவதும் உண்டு. ஆனாலும் அந்த மேகம் சுழல்வதில்லை.

காரணம், உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறும் அளவு இங்கே போதாமையே. வங்கத்தில் மார்ச், ஏப்ரலில் கீழே தென்காற்று, மேலே வலுத்த மேற்குக்காற்று. அந்த மேற்கு ஓட்டம் நமக்கு வெகு வடக்கே கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் நம் வானில் கீழைத் தாரைக்காற்று ஓடுகிறதே என்று எதிர்வாதம் எழலாம். வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் விளக்கிய அந்தக் காற்றின் வேகம் பதினான்கு கிலோமீட்டருக்கு அருகே குவிந்திருக்கிறது. சூறாவளிக்கு வேண்டியதோ தரையை ஒட்டிய முதல் சில கிலோமீட்டரில் ஏற்படும் மாற்றம். ஆகவே எதிர்வாதம் நிற்கவில்லை.

தரையை ஒட்டிய அந்த மாற்றம் இங்கே வருவது ஐப்பசி, கார்த்திகைப் புயல்களோடு. கரையேறும் புயலின் அடிக்காற்றைத் தரை உராய்ந்து தடுக்க, மேலே வீசும் காற்று முந்திக்கொள்கிறது. 1967-இல் பியூலா புயல் டெக்சாஸின் தட்டையான கரையோரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சூறாவளிகளைப் பெற்றது. அதற்கு மலை எதுவும் தேவைப்படவில்லை. மேற்கு நோக்கி வரும் புயலில் இந்த ஆபத்து வடபுறத்தில் மிகுதி. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியபோது அந்தப் புறத்தில் இருந்தவை கோவளமும் சென்னையும்.

அப்படிப்பட்ட இரவில் மழைத்திரைக்குள் சில நிமிடமே சுழலும் ஒன்றை யார் காண்பது? சென்னையிலிருந்து அரைப் பாகைச் சாய்வில் கிளம்பும் ரேடார் கற்றை, அந்தச் சாய்வாலும் பூமியின் வளைவாலும் மாமல்லபுரத்தின்மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் கடந்துவிடும். அதற்குக் கீழே நடப்பதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சவுக்குத் தோப்புகளே சாட்சி. நேர்க்காற்றில் சவுக்கு ஒரே பக்கமாகச் சாயும்; சுழலில் குறுகிய பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும். புயல் ஓய்ந்த மறுநாளே திசைகாட்டியோடு தோப்புக்குள் இறங்கி ஒவ்வொரு மரமும் விழுந்த திசையைக் குறிக்க வேண்டும். தாமதித்தால் சவுக்கு விறகாக லாரி ஏறிவிடும்.