ராயல் தெரு 1140: யாருடைய பேய், யாருடைய வரலாறு?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ். 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய நகரம். அதன் பழைய பகுதியை பிரெஞ்சு குவார்ட்டர் என்கிறார்கள். இரும்புப் பூவேலை செய்த பால்கனிகள், குறுகலான தெருக்கள், ஜாஸ் இசை என்று சுற்றுலாக்காரர்களை இழுக்கும் இடம். பொழுது சாய்ந்ததும் அங்கே இன்னொரு தொழில் சூடுபிடிக்கிறது. அதுதான் பேய் உலா. தலைக்கு இத்தனை டாலர் என்று கட்டணம் செலுத்தினால், நகர நிர்வாகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். ஒவ்வொரு பழைய வீட்டின் முன்பும் நின்று, அங்கே யார் செத்தார்கள், யாருடைய ஆவி அலைகிறது என்று கதை சொல்வார். இரண்டு மணி நேரம் பயந்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டு கூட்டம் கலைந்துபோகும்.

பேய்க் கதை கேட்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறு ஒன்றுமில்லை. நம் பாட்டிமார் சொல்லாத பேய்க் கதையா? ஆனால் அந்த நகரத்தில் பேயாக அலைவதாகச் சொல்லப்படுகிறவர்களில் பலர் அடிமைகள். உயிரோடு இருந்தபோது ஏலத்தில் விற்கப்பட்டவர்கள், செத்த பிறகும் இரவுதோறும் விற்பனைக்கு வருகிறார்கள். சாதியால் விலக்கப்பட்டவர்களின் வரலாற்றை யார் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிற நாம் இதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்த வீட்டில் நடந்தது

பேய் உலாக்கள் தவறாமல் நிற்கும் இடம், ராயல் தெருவின் 1140ஆம் எண் வீடு. லாலோரி மாளிகை என்பார்கள். டெல்பின் லாலோரி செல்வாக்கான கிரியோல் குடும்பத்தில் பிறந்தவள். மூன்று முறை மணமுடித்தவள். மூன்றாவது கணவர் லூயி லாலோரி ஒரு மருத்துவர். 1831இல் இந்த இடத்தை வாங்கினார்கள்.

1834 ஏப்ரல் 10ஆம் தேதி வீட்டின் சமையலறையில் தீப்பிடித்தது. அங்கே சமையல் செய்த மூதாட்டி, அடுப்படியிலேயே சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார் என்றும், தண்டனைக்குப் பயந்து தானே தீ வைத்ததாகச் சொன்னார் என்றும் அந்தக் காலத்துச் செய்திகள் சொல்கின்றன. தீயை அணைக்க ஓடி வந்தவர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது, சங்கிலியில் கிடந்த, பட்டினியால் எலும்பும் தோலுமான, உடல் சிதைக்கப்பட்ட ஏழு அடிமைகளைக் கண்டார்கள். நகரத்தின் செய்தித்தாள் மறுநாளே இதை எழுதியது. கொதித்தெழுந்த கூட்டம் வீட்டுக்குள் புகுந்து, சுவர்களைத் தவிர மற்றதை எல்லாம் அடித்து நொறுக்கியது. லாலோரி வண்டி ஏறித் தப்பினாள். கடைசிவரை எந்த நீதிமன்றமும் அவளைக் கூண்டில் ஏற்றவில்லை. 1849இல் பாரிஸில் செத்துப்போனாள்.

இதுவரை பேய் உலாவும் வரலாறும் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன. இதற்கு மேல் உலாவில் கேட்கும் கொடூர வர்ணனைகளில் பல, 1946இல் வெளிவந்த ஒரு பேய்க் கதைத் தொகுப்பில்தான் ஊதிப் பெருக்கப்பட்டவை. இன்று கூட்டம் அண்ணாந்து பார்க்கும் கட்டடமும் 1838க்குப் பிறகு மறுபடி கட்டி எழுப்பப்பட்டது.

ஆனால் ஊதிப் பெருக்காத, பதிவில் இருக்கிற ஒரு தகவல் எந்தப் பேய்க் கதையையும்விட என்னை உலுக்கியது. மீட்கப்பட்ட அந்த ஏழு பேரையும் நகரச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்களைப் பொதுமக்கள் வந்து பார்க்க விட்டார்கள். நான்காயிரம் பேர் வரை வந்து பார்த்ததாக அதே செய்தித்தாள் எழுதியது. குற்றுயிராகக் கிடந்த மனிதர்களைச் சுற்றி வேடிக்கை பார்க்க வரிசை. ராயல் தெருவின் முதல் பேய் உலா அன்றைக்கே நடந்துவிட்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அப்போது அந்த ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஓர் அரக்கி, ஓராயிரம் நல்லவர்கள்

அன்று வீட்டை அடித்து நொறுக்கியவர்கள் யார்? அடிமை முறையை எதிர்த்தவர்களா? இல்லை. அடிமைகளை வைத்து நடந்த ஊரின் பொதுசனம்தான். அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தையாக இருந்த நகரம் நியூ ஆர்லியன்ஸ். உள்நாட்டுப் போருக்கு முன்பு இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் விற்கப்பட்டதாக வரலாற்றாய்வாளர் வால்ட்டர் ஜான்சன் கணக்கிட்டிருக்கிறார். லாலோரி வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், 1838இல் செயின்ட் லூயிஸ் ஹோட்டல் எழுந்தது. அதன் குவிமாடத்துக்குக் கீழே, பணக்காரர்கள் உணவருந்திப் பேசிக்கொண்டிருக்க, தாயையும் பிள்ளையையும் தனித்தனியாக ஏலம் விட்டார்கள். இன்று அந்த இடத்தில் வேறொரு சொகுசு ஹோட்டல் நிற்கிறது. பழைய சுவரின் ஒரு துண்டில், வணிகக் கூடத்தைக் குறிக்கும் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற சொல்லின் பின்பகுதி எழுத்துகள் மட்டும் இன்னமும் தெரிகின்றன.

இந்தப் பின்னணியில் அந்தக் கூட்டத்தின் கோபத்தைப் பாருங்கள். லாலோரியை அரக்கி என்று சொல்லிவிட்டால் மற்ற எசமானர்கள் எல்லாம் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். சங்கிலியில் கட்டியது குற்றம், விலைக்கு வாங்கியது குற்றமில்லை. அவள் வீட்டை இடித்த கை மறுநாள் ஏலத்தில் விலை கேட்கலாம், அதற்கு மனசாட்சி உறுத்தாது.

சட்டம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1838இல் தன் அமெரிக்கப் பயண நூலை வெளியிட்ட ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, நகரத்தில் தான் கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். தீ விபத்துக்கு முன்பே லாலோரியின் கொடுமை விசாரணைக்கு வந்திருக்கிறது. ஒரு சிறுமி எசமானிக்குப் பயந்து ஓடி, மேலிருந்து விழுந்து செத்திருக்கிறாள். ஒன்பது அடிமைகள் பறிமுதல் ஆகி விற்கப்பட்டிருக்கிறார்கள். லாலோரி தன் உறவினர்கள் மூலமாகவே அவர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். அக்கம்பக்கத்துக்குத் தெரியும், அதிகாரிகளுக்கும் தெரியும். சட்டம் அடிமையைச் சொத்து என்றது, சொத்து உடையவரிடமே போய்ச் சேர்ந்தது.

நமக்கு இது பழகிய வாதம்தான். ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் 'ஒரு சில வெறியர்கள் செய்த வேலை' என்று சொல்லப்படுகிறது. அந்த ஒருவனை மிருகம் என்று திட்டுகிறார்கள். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்த ஏற்பாட்டைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கொடூரமான ஒருவரைக் காட்டிக் கொடூரமான அமைப்பை மறைப்பது இங்கும் அங்கும் ஒரே உத்திதான்.

இல்லாத பெயர்களும் இருந்த பெயர்களும்

இந்த உலாக்களை ஆராய்ந்து வரலாற்றாய்வாளர் டையா மைல்ஸ் 2015இல் ஒரு நூல் எழுதினார். ஆப்பிரிக்க அமெரிக்கரான அவர், சவானா, நியூ ஆர்லியன்ஸ் போன்ற தென்பகுதி ஊர்களில் தானே பேய் உலாக்களுக்குப் போய், பிறகு ஆவணங்களைத் தேடினார். சவானாவில் ஒரு மாளிகையில் மாலி என்ற அடிமைப் பெண்ணின் ஆவி இருப்பதாகச் சொல்கிறார்கள். லூசியானாவின் மர்ட்டில்ஸ் பண்ணையில் குளோயி என்ற பெண்ணின் ஆவி என்கிறார்கள். எசமானனோடு உறவு, எசமானியின் பொறாமை, விஷம், தூக்கு என்று கதை போகும். அப்படி ஒரு மாலியோ குளோயியோ வாழ்ந்ததற்கு ஆவணம் இல்லை. மர்ட்டில்ஸில் விஷத்தால் செத்ததாகச் சொல்லப்படும் எசமானியும் பிள்ளைகளும் உண்மையில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்கள். எசமானனின் பாலியல் வன்முறை இந்தக் கதைகளில் கள்ளக் காதலாக மாறிவிடுகிறது. பாதிக்கப்பட்டவள் விஷம் வைத்தவள் ஆகிறாள்.

ராயல் தெருவிலும் மேலிருந்து விழுந்து செத்த சிறுமிக்கு லியா என்று பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயர் பிற்காலத்தில் ஒட்டப்பட்டது. ஆனால் அந்த வீட்டில் செத்தவர்களின் உண்மையான பெயர்கள் கிடைக்காமல் போகவில்லை. 1830க்கும் 1834க்கும் இடையில் லாலோரி வீட்டு அடிமைகள் பன்னிரண்டு பேர் இறந்ததை அடக்கப் பதிவேடுகள் காட்டுகின்றன. என்ன காரணத்தால் இறந்தார்கள் என்று அவற்றில் எழுதவில்லை. அவர்களில் ஒருவர் பான். சமையலும் சலவையும் செய்தவர். அவருடைய நான்கு பிள்ளைகள்: ஜூலியட், புளோரன்ஸ், ஜூல்ஸ், லியோன்டின். தாயும் நான்கு பிள்ளைகளும் சில ஆண்டுகளுக்குள் ஒரே வீட்டில் செத்திருக்கிறார்கள். இதைவிடப் பயங்கரமான கதை எந்த வழிகாட்டியிடம் இருக்கிறது?

உலாவுக்கு எட்டாத ஆவிகள்

எந்த ஆவியைப் பேச விடுகிறார்கள் என்பதிலும் அரசியல் இருக்கிறது. 1811 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே உள்ள கரும்புப் பண்ணைகளிலிருந்து நூற்றுக்கணக்கான அடிமைகள் சார்லஸ் டெலோண்டின் தலைமையில் ஆயுதம் ஏந்தி நகரத்தை நோக்கி அணிவகுத்தார்கள். எழுச்சி நசுக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் தலைகளை வெட்டி, ஆற்றோரச் சாலை நெடுகக் கம்பங்களில் செருகி வைத்தார்கள். அச்சுறுத்தலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் பேய் உலாவின் சந்தையில் இந்தத் தலைகளுக்கு மவுசு இல்லை. சங்கிலியில் முனகும் ஆவியைப் பார்த்துப் பரிதாபப்படலாம். கையில் கத்தியோடு வரும் ஆவி எசமானனின் பேரப்பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கும்.

அதே லாலோரி வீட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. அடிமை முறை ஒழிந்த பிறகு, மறுசீரமைப்புக் காலத்தில், அங்கே பெண்கள் பள்ளி ஒன்று நடந்தது. கறுப்பினச் சிறுமிகளும் வெள்ளையினச் சிறுமிகளும் ஒன்றாகப் படித்தார்கள். 1874இல் 'வெள்ளையர் லீக்' என்ற ஆயுதக் கும்பல் உள்ளே புகுந்து கறுப்பினப் பிள்ளைகளை வெளியேற்றியது. செத்தவர்கள் அந்த வீட்டில் நடமாடுகிறார்களா என்பது எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்த பிள்ளைகளை அங்கே நடமாட விடவில்லை என்பது வரலாறு.

நமக்கு என்ன இதில்?

மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, நீக்ரோ மக்களின் நிலைக்கும் தீண்டப்படாதோர் நிலைக்கும் இருக்கும் ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் வரலாற்றை நாம் படிப்பது அந்தத் தொடர்ச்சியில்தான்.

நம்மிடமும் அநியாயமாகச் செத்தவர்களின் ஆவிகள் உண்டு. மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் என்று சாதி மீறிக் காதலித்துக் கொலையுண்டவர்கள் நம் மண்ணில் சாமி ஆனார்கள். கொலைப்பழி ஊரை விடாது என்ற அச்சத்தில் அவர்களுக்குப் படையலிட்டார்கள். செத்தவருக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தப் படையலின் பொருள். பேய் உலாவில் இந்தக் கடன் உணர்வு இல்லை. அங்கே கடன் அட்டையைத் தேய்த்ததோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்காக நம் வழிபாட்டைப் பெரிதாக மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். அருந்ததியர் வீட்டில் வளர்ந்த மதுரை வீரனைக் காசி ராசாவின் மகன் என்று கதை சொல்ல வைத்ததும் இதே மண்தான். கும்பிடுவதற்குக்கூடப் பிறப்பை மாற்ற வேண்டியிருந்தது.

மாற்று வழிகள் அங்கேயே பிறந்திருக்கின்றன. 2014இல் திறக்கப்பட்ட விட்னி பண்ணை அருங்காட்சியகம் எசமானர்களின் கதையை ஒதுக்கிவிட்டு அடிமைகளின் கதையை மட்டும் சொல்கிறது. 1811 எழுச்சியில் தலை வெட்டப்பட்டவர்களுக்கு அங்கே நினைவிடம் உண்டு. 2018இல் நகரத்தின் 300ஆம் ஆண்டையொட்டி, அடிமை வணிகம் நடந்த இடங்களில் அறிவிப்புப் பலகைகள் நடப்பட்டன. 2019 நவம்பரில் டிரெட் ஸ்காட் என்ற கலைஞரின் முன்முயற்சியில், நூற்றுக்கணக்கானோர் அந்தக் காலத்து உடையில் 1811 அணிவகுப்பை 26 மைல் தூரம் நடந்தே நிகழ்த்திக் காட்டினார்கள். எழுச்சிக்காரர்களால் எட்ட முடியாத நியூ ஆர்லியன்ஸுக்குள் இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கறுப்பின மக்களே நடத்தும் வரலாற்று நடைகளும் அந்த நகரத்தில் உண்டு.

வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட உலாக்களுக்குப் போகிறார்கள். போகட்டும். வழிகாட்டி கதையை முடித்ததும் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கட்டும். செத்தவர்களின் பெயர் என்ன? அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அவர்களை வாங்கி விற்ற சந்தை எந்தத் தெருவில் இருந்தது? பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. ராயல் தெருவில் நிற்கும்போது பான், ஜூலியட், புளோரன்ஸ், ஜூல்ஸ், லியோன்டின் என்ற ஐந்து பெயர்களையாவது கூட நிற்கிறவர்களுக்குச் சொல்லிவிட்டு வரட்டும்.